வைரம் அசலா, போலியா? தண்ணீர்த் துளியை நம்பாதீங்க!

வைரத்தின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். துளி முத்துபோல நின்றால் அசல், பரவினால் போலி. இப்படியொரு 'வீட்டுச் சோதனை' பல காலமாகப் புழக்கத்தில் இருக்கிறது. இதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால், லட்சக்கணக்கில் பணம் போடும்போது பாதி உண்மையை நம்பலாமா?

உண்மை எது?

தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி சுரங்கங்களில் 1890-களின் பிற்பகுதியில் 'கிரீஸ் மேசை' பயன்பாட்டுக்கு வந்தது. நொறுக்கிய பாறைத் துகள்களைத் தண்ணீரோடு சேர்த்து, கிரீஸ் பூசிய சாய்வு மேசையில் ஓடவிடுவார்கள். மற்ற கற்கள் நனைந்து, வழுக்கிக்கொண்டு போய்விடும். வைரத்தில் தண்ணீர் ஒட்டாது, கிரீஸ் ஒட்டும். அதனால் அது அப்படியே சிக்கிக்கொள்ளும். பிறகு கிரீஸைச் சுரண்டி உருக்கி வைரத்தை எடுத்துவிடுவார்கள். எக்ஸ்ரே கருவிகள் வரும்வரை பல பத்தாண்டுகள் இந்த முறைதான் கைகொடுத்தது.

ஏன் ஒட்டுவதில்லை?

வைரம் முழுக்கக் கார்பன். உள்ளே ஒவ்வொரு கார்பன் அணுவும் நான்கு அணுக்களோடு கைகோத்திருக்கும். மேற்பரப்பில் மட்டும் சில கைகள் சும்மா இருக்கும். அந்தக் கையை ஹைட்ரஜன் பிடித்தால் மேற்பரப்பு தண்ணீரை விலக்கும். ஆக்சிஜன் பிடித்தால் கதையே மாறிவிடும், தண்ணீர் பரவும். சூடான அமிலத்தில் கழுவினாலே இந்த மாற்றம் நடக்கும். கல் அதேதான், மாறுவது மேலே இருக்கும் ஓர் அணு அடுக்கு மட்டுமே.

சோதனை எங்கே சறுக்குகிறது?

அமிலத்தில் சுத்தம் செய்த அசல் வைரத்தில் துளி பரவலாம். விரல் எண்ணெய் பட்ட கண்ணாடித் துண்டில் துளி உருண்டு நிற்கலாம். ஆய்வகத்தில் வளர்த்த வைரமும் வைரம்தான்; அதைச் சுரங்க வைரத்திலிருந்து பிரித்துச் சொல்ல துளிக்குத் தெரியாது. 'டம்ளரில் போட்டால் மூழ்கும்' என்ற சோதனையும் வீண். கண்ணாடியும் மூழ்கும், அமெரிக்கன் டைமண்டும் மூழ்கும். நகையில் இருக்கும் ஹால்மார்க் முத்திரைகூட தங்கத்தின் தரத்தைத்தான் சொல்லும், கல்லைப் பற்றி எதுவும் சொல்லாது. ஆகவே, கல்லுக்குத் தனியாக ஆய்வகச் சான்றிதழ் கேட்பதே சரி.

'டைமண்ட் கோட்டிங்' வாங்கலாமா?

வைரம் போன்ற கார்பன் பூச்சு என்று ஒன்று நிஜமாகவே உண்டு. சவர பிளேடு, இன்ஜின் பாகங்களில் தேய்மானத்தைக் குறைக்கப் பூசுகிறார்கள். அதில் தண்ணீர் நன்றாக உருண்டு ஓட வேண்டுமென்றால் ஃபுளோரின் போன்றவற்றைச் சேர்க்க வேண்டியிருக்கும். காருக்கு 'டைமண்ட்' என்று சொல்லி விற்கும் திரவங்களில் பல, சிலிக்கா அடிப்படையிலானவை. அவை மோசம் என்று அர்த்தமில்லை. ஆனால் பெயருக்காக ஏன் கூடுதல் காசு கொடுக்க வேண்டும்? உள்ளே என்ன இருக்கிறது, எத்தனை மாதம் தாங்கும் என்று கேளுங்கள். எழுத்தில் பதில் தராத கடையில் பணத்தை வெளியே எடுக்க வேண்டாம்.

வீட்டில் வைரத் தோடு, மோதிரம் இருந்தால் அதில் எண்ணெய்ப் பிசுக்கு சுலபமாக ஒட்டும், பளபளப்பு மங்கும். வெறும் தண்ணீர் போதாது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் மென்மையான பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள்.