‘சுகர் இல்லம்மா’ என்பதோடு நிறுத்திவிட வேண்டாம்

மாண்புமிகு தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அவர்களுக்கு,



ஈரோடு மாவட்டத்தில், விசைத்தறிச் சத்தம் ஓயாத ஒரு சிற்றூரில் பல் மருத்துவமனை நடத்திவருகிறேன். என்னிடம் வரும் நாற்பது, ஐம்பது வயதுப் பெண்களில் சிலரைப் பற்றித் தங்களிடம் பேச வேண்டும். பல் வலி என்றுதான் வருகிறார்கள். ஆனால் நோய் பல்லில் தொடங்கியதில்லை.

வாய்க்குள் சிறு கண்ணாடியை விட்டுக் கன்னத்தை ஒதுக்கும்போது அது வழுக்கிக்கொண்டு போக வேண்டும். இவர்களுக்கு அது கன்னத்தின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்கிறது. மெல்ல உரித்துத்தான் எடுக்க வேண்டும். நாக்கைத் தூக்கச் சொன்னால், அடியில் எச்சில் தேங்கியிருக்க வேண்டிய இடம் காய்ந்து கிடக்கும். ஓரங்களில் கொஞ்சம் நுரை மட்டும். சொத்தை விழுந்திருக்கும் இடமும் வழக்கமானதல்ல. சாதாரணமாகக் கடைவாய்ப் பல்லின் பள்ளத்திலும் இரண்டு பல்லுக்கு இடையிலும்தான் சொத்தை தொடங்கும். இவர்களுக்கு ஈறை ஒட்டி, பல்லைச் சுற்றி அரித்துக்கொண்டு போகிறது. கீழ்வரிசை முன்பற்கள் எந்நேரமும் எச்சிலில் நனைந்திருப்பதால் கடைசியில்தான் கெடும். இவர்களுக்கு அவையும் சீக்கிரமே போய்விடுகின்றன. அடைத்து அனுப்பினால் ஆறு மாதத்தில் அடைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி அரிப்பு.

தறியில் நூல் போடும் ஒரு பெண்ணிடம், “அக்கா, சாப்பிடறப்போ தண்ணி நிறைய குடிப்பீங்களா?” என்று கேட்டேன். “தண்ணி இல்லாம சோறே இறங்காதுங்க டாக்டரம்மா. ஒரு வாய் சோறு, ஒரு மொடக்கு தண்ணி. ராத்திரி தலைமாட்டுல சொம்பு வெச்சுட்டுத்தான் படுப்பேன்” என்றார். கண்ணைப் பற்றிக் கேட்டேன். பஞ்சுத் தூசியால் உறுத்துகிறது என்று சொட்டு மருந்து போட்டுக்கொண்டிருந்தார். அம்மா இறந்தபோது அழுகை வந்ததாம், கண்ணீர் வரவில்லையாம். விரல் மூட்டுகள் காலையில் மடங்க நேரமாகிறது என்பதை நான் துருவிக் கேட்டபிறகுதான் சொன்னார். ஊரில் வீடு வீடாக வந்து சோதித்தவர்கள் ரத்தச் சர்க்கரை சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். ஒரு பெரிய மருத்துவமனையில் ‘மாதவிடாய் நிற்கும் வயசு, மனசுல கவலை’ என்று சொல்லி, தூங்குவதற்கு அமிட்ரிப்டிலின் எழுதிக் கொடுத்திருந்தார்கள். எச்சிலை இன்னும் வற்றச் செய்கிற மாத்திரை அது.

அமைச்சர் அவர்களே, அவருக்கு இருந்தது ஷோக்ரன் நோய். உடலைக் காக்க வேண்டிய வெள்ளணுக்களே கண்ணீர்ச் சுரப்பிகளையும் எச்சில் சுரப்பிகளையும் அந்நியமாக எண்ணித் தாக்குகிற தன்னெதிர்ப்பு நோய். பாதிக்கப்படும் பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள். தனியாகவும் வரும், முடக்குவாதம், லூபஸ் போன்ற நோய்களோடு சேர்ந்தும் வரும்.

இதை உலகுக்கு விளக்கியவர் ஹென்ரிக் ஷோக்ரன் என்ற சுவீடன் நாட்டுக் கண் மருத்துவர். 1933இல் அவர் அளித்த ஆய்வேட்டில், கண் வறண்ட 19 பெண்களைப் பற்றி எழுதினார். அவர்களில் 13 பேருக்கு மூட்டுவாதமும் இருந்தது. கண் மருத்துவராக இருந்தவர் கண்ணோடு நின்றுகொள்ளாமல் வாயையும் மூட்டையும் பார்த்ததுதான் இந்த நோய் நமக்குத் தெரியவந்த வழி. அந்த ஆய்வேட்டைப் பல்கலைக்கழகம் அன்று பெரிதாக மதிக்கவில்லை. அவர் பிறந்த ஜூலை 23ஆம் தேதியைத்தான் இன்று உலக ஷோக்ரன் நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள்.

தொண்ணூறு ஆண்டுகள் கழிந்தும் நம் மருத்துவமனைகளில் நடப்பது இதற்கு நேர்மாறானது. பல் மருத்துவர் சொத்தையை அடைக்கிறார். கண் மருத்துவர் சொட்டு மருந்து தருகிறார். எலும்பு மருத்துவர் வலி மாத்திரை தருகிறார். காதடியில் வீக்கம் வந்தால் அம்மைக்கட்டு என்று வேப்பிலை அரைத்துப் பூசுகிறார்கள். ஒவ்வொருவரும் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறார். எல்லாச் சீட்டுகளையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க ஆள் இல்லை. கைப்பை நிறையச் சீட்டுகளோடு அந்தப் பெண் அலைகிறார்.

இன்னொரு தடையும் உண்டு, அதுதான் பெரியது. நோயாளி தானாக இந்த வறட்சியைச் சொல்வதில்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் இந்நோய் உள்ள இந்திய நோயாளிகளின் பெரிய தொகுப்பு ஒன்றை ஆராய்ந்து 2015இல் வெளியிட்டார்கள். வறட்சியைத் தாங்களாகவே சொல்லிக்கொண்டு வந்தவர்கள் அதில் மிகச் சிலர். குறிப்பாகக் கேட்டபோது ஆமாம் என்றவர்களோ பாதிக்கும் மேல். நம் வெயிலில் தாகம் எடுப்பதை யார் நோய் என்று நினைப்பார்கள்? குழம்பும் ரசமும் மோரும் ஊற்றிப் பிசைந்து சாப்பிடுகிற நம் சாப்பாடும் அந்த வறட்சியை மறைத்துவிடுகிறது. ஆகவே, கேட்டால்தான் தெரியும். கேட்பதற்கு யாரையாவது அனுப்புங்கள் என்பதுதான் இந்த மடலில் நான் வைக்கும் வேண்டுகோள்.

அனுப்பத் தங்களிடம் ஆட்கள் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வாசற்படி ஏறி ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். தாகமாக இருக்கிறது என்று ஒரு பெண் சொல்ல நேர்ந்தால், அதைக் கேட்கும் முதல் ஆள் பெரும்பாலும் அந்தத் தன்னார்வலர்தான். விரலில் ஊசி குத்தி எண்ணைப் பார்த்து, “சுகர் இல்லம்மா” என்று சொல்லிவிட்டுப் போகிறார். அந்த இடத்தில் இன்னும் மூன்று கேள்விகள் வேண்டும்:

“மூணு மாசத்துக்கு மேல தினமும் கண்ணு காய்ஞ்சு, மண்ணு விழுந்த மாதிரி உறுத்துதா? மூணு மாசத்துக்கு மேல வாய் காய்ஞ்சே இருக்குதா? பொரி, முறுக்கு, பிஸ்கட்டு இந்த மாதிரி எதையாவது முழுங்கணும்னா தண்ணி குடிக்க வேண்டியிருக்குதா?”

இவை நானாகத் தயாரித்தவை அல்ல. உலகெங்கும் மூட்டுவாத நிபுணர்கள் இந்நோயைச் சந்தேகிக்கப் பயன்படுத்தும் கேள்விகளை நம் ஊர்ப் பேச்சில் எழுதியிருக்கிறேன். ஒரு நிமிடம்கூட ஆகாது. கருவி வேண்டாம், ஊசி வேண்டாம்.

ஆமாம் என்று சொன்ன எல்லாருக்கும் ஷோக்ரன் என்று ஆகிவிடாது. அலர்ஜிக்குப் போடும் செட்டிரிசினும் வாயைக் காய வைக்கும். சில ரத்த அழுத்த மாத்திரைகளும் அப்படித்தான். வாய்ப் புற்றுக்குக் கதிர்வீச்சு வாங்கியவர்களுக்கும், ஹெபடைடிஸ் சி தொற்று உள்ளவர்களுக்கும் இதே வறட்சி வரும். அதனால் முதலில் மாத்திரைப் பையைப் பார்க்க வேண்டும். அதன்பிறகும் சந்தேகம் நீங்கவில்லை என்றால் சோதனைகள்.

கண்ணுக்கு ஷிர்மர் சோதனை. வடிதாள் பட்டை ஒன்றின் நுனியைக் கீழிமைக்குள் மடித்துச் செருகி, கண்ணை மூடச் சொல்லி ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். 5 மில்லிமீட்டர் வரைகூட ஈரம் ஏறவில்லை என்றால் கண்ணீர் போதவில்லை என்று பொருள். வாய்க்கு இன்னும் எளிது: எதையும் மெல்லாமல், ஊறுகிற எச்சிலை ஒரு குப்பியில் துப்பச் சொல்லி அளப்பது. 15 நிமிடத்தில் ஒன்றரை மில்லிகூடச் சேரவில்லை என்றால் குறைவு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்தே செய்துவிடலாம்.

2016இல் அமெரிக்க, ஐரோப்பிய மூட்டுவாத மருத்துவர் அமைப்புகள் சேர்ந்து வகுத்த அளவுகோலில் இந்த இரண்டுக்கும் ஒவ்வொரு மதிப்பெண். கண்ணில் சாயம் போட்டுப் பார்க்கும்போது குறிப்பிட்ட அளவுக்கு மேல் சேதம் தெரிந்தால் அதற்கும் ஒன்று. ரத்தத்தில் ஆன்டி-ரோ என்ற எதிர்ப்பொருள் இருந்தால் மூன்று. கீழுதட்டின் உட்புறத்திலிருந்து அரிசி அளவுக்குச் சில எச்சில் சுரப்பிகளை எடுத்து, வெள்ளணுக் கூட்டம் தெரிகிறதா என்று நுண்நோக்கியில் பார்ப்பதற்கும் மூன்று. மொத்தம் நான்கு வந்தால் இந்நோய் என்று கொள்ளலாம். ரத்தத்தில் ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிடவும் கூடாது. ஆன்டி-ரோ இல்லாமலேயே இந்நோய் உள்ளவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். அவர்களுக்கு உதட்டுத் திசு சோதனைதான் வழி. மரத்துப்போகும் ஊசி போட்டு, சிறு கீறலில் பயிற்சி பெற்ற பல் மருத்துவரே எடுத்துவிட முடியும். மாவட்ட மருத்துவமனைகளின் பல் பிரிவுகள் பல் பிடுங்குவதோடு நின்றுவிட வேண்டியதில்லை.

வாய் காய்வதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று தங்கள் துறையில் யாராவது கேட்கக்கூடும். வறட்சி இந்நோயின் வெளிமுகம்தான். விடியற்காலையில் கைகால் அசையாமல் கிடக்கும் ஒரு பெண்ணை ஆம்புலன்சில் கொண்டுவருகிறார்கள். ரத்தத்தில் பொட்டாசியம் அடிமட்டத்தில் இருக்கிறது. ஏற்றினால் எழுந்து நடந்துவிடுகிறார், வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். சில மாதங்களில் மறுபடியும் அதே கதை. சிறுநீரகக் குழல்களை ஷோக்ரன் தாக்கியதால் அமிலமும் பொட்டாசியமும் நிலைதடுமாறுவதும் இதற்கு ஒரு காரணம். இந்திய மருத்துவ இதழ்களில் இப்படிப்பட்ட பெண்களைப் பற்றித் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்கள். பலருக்குக் கைகால் இப்படிச் செயலிழந்ததுதான் நோயைக் காட்டிக்கொடுத்தது. நுரையீரலும் நரம்புகளும்கூடப் பாதிக்கப்படலாம். நூற்றில் ஐந்து பேர் அளவில் நிணநீர்ப் புற்றுநோய் வருகிறது. காதடி வீக்கம் நீங்காமல் நின்றுவிடுவது அதற்கான எச்சரிக்கைகளில் ஒன்று.

கருவுற்ற பெண்கள் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆன்டி-ரோ நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும். நூற்றில் ஒன்றிரண்டு குழந்தைகளுக்கு இதயத் துடிப்பைக் கடத்தும் பாதை சேதமாகி, துடிப்பு பாதியாகக் குறைகிறது. பெரும்பாலும் 18ஆவது வாரத்துக்கும் 24ஆவது வாரத்துக்கும் இடையே இது நேர்கிறது. பிறந்த பிறகு பலருக்குப் பேஸ்மேக்கர் வைக்க வேண்டியிருக்கிறது. சில குழந்தைகள் பிழைப்பதில்லை. ஒரு குழந்தைக்கு இப்படி ஆன தாய்க்கு அடுத்த கர்ப்பத்தில் ஹைட்ராக்சிகுளோரோகுயின் கொடுத்தால், மறுபடி நேரும் வாய்ப்பு பாதிக்கும் கீழே குறைந்ததை 2020இல் வெளியான ஆய்வு காட்டியது. மலேரியாவுக்கும் முடக்குவாதத்துக்கும் நாம் காலங்காலமாகக் கொடுத்துவரும் விலை குறைந்த மாத்திரைதான் அது. கர்ப்பத்தைப் பதிவுசெய்து பிக்மி எண் வாங்கும் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் ஆன்டி-ரோ ரத்தப் பரிசோதனை வேண்டும் என்று நான் கேட்கவில்லை. முந்தைய குழந்தைக்கு இதயத் துடிப்புக் கோளாறு இருந்ததா, தாய்க்கு வாயும் கண்ணும் வறள்கிறதா என்று பதிவின்போது கேட்டு, ஆமாம் என்பவர்களுக்கு மட்டும் பாருங்கள் என்கிறேன்.

நோயைக் கண்டுபிடித்துவிட்டால் குணமாக்கிவிடலாம் என்று பொய் சொல்ல மாட்டேன். வேரோடு அகற்ற இன்னும் மருந்து இல்லை. ஆனால் பெயர் தெரிந்த மறுநாளே பல மாற்றங்கள் செய்யலாம். வாயைக் காய வைக்கும் மாத்திரைகளை மாற்றலாம். அதிக ஃபுளோரைடு உள்ள பற்பசையும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஃபுளோரைடு பூச்சும் கொடுத்து மிச்சமிருக்கும் பற்களைக் காக்கலாம். பைலோகார்பின் மாத்திரையால் மிஞ்சியிருக்கும் சுரப்பியைத் தூண்டலாம். பதப்பொருள் கலக்காத கண் சொட்டு மருந்து கருவிழியைக் காக்கும். சிறுநீரகத்தையும் நுரையீரலையும் அவ்வப்போது சோதித்து வரலாம். எல்லாவற்றையும்விட, “கவலைப்பட்டுப் பட்டு வரவழைச்சுக்கிட்டே” என்று வீட்டில் கேட்கும் ஏச்சு நிற்கும். தறிக்காரப் பெண்ணுக்குக் கோவையில் நோய் உறுதியானதும் அவர் முதலில் செய்தது, அந்த அறிக்கையைக் கணவரிடம் படித்துக் காட்டியதுதான்.

தங்களிடம் வேண்டுவது இவைதான். தன்னார்வலர்களின் படிவத்தில் அந்த மூன்று கேள்விகளைச் சேர்க்க வேண்டும். ஷிர்மர் பட்டை எல்லா அரசுக் கண் பிரிவுகளிலும் இருக்க வேண்டும். ஆன்டி-ரோ பரிசோதனை ஒவ்வொரு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் மூட்டுவாத நோய்களுக்கென்று (ருமட்டாலஜி) தனித் துறையே இருக்கிறது. ஆனால் சத்தியமங்கலத்திலிருந்தோ கூடலூரிலிருந்தோ ஒரு கூலிப் பெண் அங்கே போய்வர எத்தனை நாள் கூலியை இழக்க வேண்டும்! மாவட்டத் தலைநகரங்களில் மாதம் ஒருநாளாவது அந்த நிபுணர்கள் வந்து பார்க்க ஏற்பாடு வேண்டும். பைலோகார்பினும் பதப்பொருளில்லாத சொட்டு மருந்தும் இல்லையென்று சொல்லாதபடி தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வாங்கி வைக்க வேண்டும். பல் மருத்துவரும் கண் மருத்துவரும் எழுதிக் கொடுக்கும் சீட்டை மூட்டுவாதச் சிறப்புப் பிரிவு நேரடியாக ஏற்றுக்கொள்ளும்படி ஓர் ஆணை வேண்டும். இன்று நான் எழுதிக் கொடுக்கும் சீட்டை, “பல் டாக்டர் எழுதினதா?” என்று கேட்டு ஓரமாக வைத்துவிடுகிறார்கள்.

மாநிலம் முழுக்க ஒரேயடியாகத் தொடங்கத் தயக்கம் இருந்தால் ஒரு வட்டாரத்தில் தொடங்குங்கள். தன்னார்வலர்களுக்கு இந்தக் கேள்விகளைக் கற்றுக்கொடுக்கவும், வாயைப் பார்த்து அறிகுறிகளைக் கண்டுகொள்ளப் பயிற்சி தரவும் நான் எந்த ஞாயிற்றுக்கிழமையும் வரத் தயார். ஊதியம் வேண்டாம். பயிற்சிக்கு ஓர் அறையும், வட்டார மருத்துவ அலுவலரின் அனுமதியும் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
ஈரோடு மாவட்டத்துப் பல் மருத்துவர் ஒருவர்