தேர்தல் செலவும் தேநீர்க் கடைக் கணக்கும்



இன்றைய தேர்தல் முறை பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டார்கள். ஜனநாயகம், வாக்குரிமை, இளைஞர் கடமை என்று எழுதினால் அது போன வருட மலரிலேயே இருக்கிறது. அதற்கு முந்தைய வருட மலரிலும் இருக்கிறது. ஆகவே எனக்கு நேரடியாகத் தெரிந்த ஒன்றை எழுதுகிறேன். பந்தல், சேர், மைக்செட் வாடகைக்கு விடுவது எங்கள் குடும்பத் தொழில். லீவு நாட்களில் சேர் அடுக்குவதும் டியூப் லைட் கட்டுவதும் என் வேலை. யார் ஜெயிப்பார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். கூட்டத்துக்கு எத்தனை சேர் போட்டார்கள், அதற்குப் பணம் எந்த வழியில் வந்தது என்று கேளுங்கள், சொல்கிறேன்.

முதலில் சட்டம். வேட்பாளர் தேர்தல் செலவுக்கென்றே தனியாக ஒரு வங்கிக் கணக்கு தொடங்க வேண்டும். மனுத் தாக்கலுக்கு ஒரு நாள் முன்பாவது அது தொடங்கப்பட்டிருக்க வேண்டும். தேர்தல் செலவு முழுவதும் அதிலிருந்துதான் போக வேண்டும். ஒருவருக்குக் கொடுக்கிற தொகை 10,000 ரூபாயைத் தாண்டினால் ரொக்கம் கூடாது, செக், டி.டி. அல்லது அந்தக் கணக்கோடு சேர்ந்த மின்னணு வழிதான். 2018 நவம்பர் வரை இந்த வரம்பு 20,000 ஆக இருந்தது; தேர்தல் ஆணையம் அதைப் பாதியாகக் குறைத்தது. மின்னணு வழி என்றால் டெபிட் கார்டும் அதில் அடக்கம், நாம் பேக்கரியில் ஸ்கேன் செய்கிற யு.பி.ஐ.யும் அடக்கம்.

வேட்பாளருக்கு ஒரு பதிவேடு கொடுக்கிறார்கள். வெள்ளைப் பக்கம் அன்றாடச் செலவுக்கு, ரோஸ் பக்கம் ரொக்கத்துக்கு, மஞ்சள் பக்கம் வங்கிக்கு. பிரச்சாரக் காலத்தில் மூன்று தடவையாவது அதைச் செலவினப் பார்வையாளர் பார்க்க வேண்டும். அவர் தரப்பில் ஒரு நிழல் பதிவேடு இருக்கும். வீடியோக்காரர்கள் வந்து பந்தலை, சேரை, பிளக்ஸை எல்லாம் படம் பிடித்துக்கொண்டு போவார்கள். ஒவ்வொன்றுக்கும் மாவட்டத் தேர்தல் அலுவலர் விலைப்பட்டியல் வைத்திருப்பார். டீக்கு விலை, பிரியாணிக்கு விலை, சேருக்கு நாள் வாடகை என்று அதில் இல்லாத சாமானே கிடையாது. முடிவு அறிவித்த 30 நாட்களுக்குள் கணக்கை ஒப்படைக்க வேண்டும். சரியான காரணமில்லாமல் தவறினால் மூன்று வருடம் தேர்தலில் நிற்க முடியாமல் போகலாம். சட்டமன்றத் தொகுதிக்கு உச்சவரம்பு தமிழ்நாட்டில் 40 லட்சம், நாடாளுமன்றத்துக்கு 95 லட்சம் என்று 2022 ஜனவரியில் உயர்த்தினார்கள்.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது, இல்லையா? இனி நடப்பைப் பார்ப்போம்.

2021 சட்டமன்றத் தேர்தல் சமயம். ஒரு கட்சியின் கூட்டத்துக்கு (எந்தக் கட்சி என்று சொல்லப் போவதில்லை, எல்லாக் கட்சிக்கும் நாங்கள் சேர் போட்டிருக்கிறோம்) பந்தல், சேர், மைக், ஜெனரேட்டர் என்று மொத்தமாக ஆர்டர் வந்தது. மொத்தத் தொகை 40,000-க்குக் கொஞ்சம் கீழே. பூத் கமிட்டிக்காரர் ஒருவர் வந்தார். "அண்ணா, ஒரே பில்லா வேண்டாமுங்க. பந்தலுக்கு ஒண்ணு, சேருக்கு ஒண்ணு, மைக்குக்கு ஒண்ணு, ஜெனரேட்டருக்கு ஒண்ணு, தனித்தனியாப் போட்டுக் குடுங்க. பேரும் வேற வேற பேராப் போடுங்க" என்றார். ஒவ்வொரு பில்லும் பத்தாயிரத்துக்குள்! 10,000 என்று விதி வைத்தால் 9,500 என்று பில் வருகிறது. விதிக்கு உயரம் எவ்வளவு என்று தெரிந்தால்தானே குனிந்து போக முடியும்?

பணம் ரொக்கமாக வந்தது. முழுதாக வரவில்லை. கடைசி 14,000 பாக்கி. தேர்தல் முடிந்தது, ரிசல்ட் வந்தது, அந்தக் கமிட்டிக்காரர் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். பிறகு, "அந்தப் பொறுப்பு இப்ப எங்கிட்ட இல்லீங்க, புதுசா வந்தவர்கிட்டக் கேளுங்க" என்றார். புதிதாக வந்தவர் எங்களைப் பார்த்ததே இல்லை என்கிறார்.

"வேட்பாளர்கிட்டயே போய் ஏனுங்கப்பா கேக்கக் கூடாது?" என்று நான் அப்பாவிடம் கேட்டேன்.

"கேட்டா அடுத்த தடவ ஆர்டரு வராது கண்ணு. அவங்க கணக்குல நம்ம பேரே இருக்காது. என்னத்த வெச்சுக் கேக்கறது?" என்றார்.

தோழர்களே, இந்த ஒரு கேள்வியில்தான் என் கட்டுரை நிற்கிறது. 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 77-ஆவது பிரிவு, செய்த செலவை மட்டுமல்ல, செய்வதற்கு அதிகாரம் கொடுத்த செலவையும் வேட்பாளர் கணக்கில் காட்டச் சொல்கிறது. அதாவது எங்கள் 14,000 பாக்கியும் அந்தக் கணக்கில் ஒரு வரியாக ஏறியிருக்க வேண்டும். ஆனால் ஆர்டர் கொடுத்தவர் வேட்பாளரும் அல்ல, அவருடைய ஏஜெண்டும் அல்ல, பூத் கமிட்டி. வங்கிக் கணக்கு வேட்பாளருக்கு ஒன்று. செலவு செய்கிற கைகளோ நூற்றுக்கணக்கில். வங்கிக்கும் அந்தக் கைகளுக்கும் நடுவே ஓடுவது ரொக்கக் கட்டு. தேர்தல் செலவு விதிகளில் ஓட்டை எங்கே என்று கேட்டால் நான் இந்த இடத்தைத்தான் காட்டுவேன்.

ஆகவே என் யோசனை இது. ஒவ்வொரு பூத் கமிட்டிக்கும், பணிக்குழுவுக்கும் வேட்பாளரின் அதே தேர்தல் கணக்கிலிருந்து ஒரு கார்டு கொடுக்கட்டும். முன்கூட்டியே பணம் ஏற்றி, இவ்வளவுதான் என்று வரம்பு கட்டிய கார்டு. கார்டு வேண்டாமென்றால் அதே கணக்கோடு இணைத்த யு.பி.ஐ. போதும். டீக்கடை முதல் பந்தல் வரை அதில்தான் கொடுக்க வேண்டும். சில்லறைச் செலவுக்கு என்று ஒரு சிறு தொகை மட்டும் ரொக்கமாக இருக்கட்டும்.

"டீக்கடைக்காரருக்குக் கார்டா?" என்று யாராவது சிரித்தால், அவர் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து ரொம்ப நாளாகிவிட்டது என்று அர்த்தம். இளநீர் வண்டியில் கியூ.ஆர். அட்டை தொங்குகிறது. பூ விற்கிற அம்மாவிடம் தொகை சொல்கிற ஸ்பீக்கர் பெட்டி இருக்கிறது. பத்து ரூபாய் டீக்கு ஸ்கேன் செய்கிற ஊரில், பத்தாயிரம் ரூபாய் பந்தலுக்கு மட்டும் மஞ்சள் பையில் நோட்டு வருவானேன்?

இதைவிட வலுவான ஆட்சேபணை ஒன்று உண்டு. ஹாஸ்டலில் என் அறை நண்பன் சொன்னது: "டேய், ஓட்டுக்குக் காசு குடுக்கறவன் கார்டு தேச்சா குடுக்கப் போறான்?" உண்மைதான். கொடுக்க மாட்டான். 2016 மே மாதம் பக்கத்துக் கரூர் மாவட்டத்தின் அரவக்குறிச்சியில் என்ன நடந்தது? வாக்காளருக்குப் பணமும் பரிசுப் பொருளும் போகிறது என்று தேர்தலை முதலில் தள்ளி வைத்தார்கள், பிறகு அடியோடு ரத்து செய்தார்கள். தஞ்சாவூரிலும் அப்படியே. மறுபடி நவம்பர் 19-ஆம் தேதி ஓட்டுப்பதிவு நடந்தது. அதற்குப் பதினொரு நாள் முன்புதான் 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவிப்பு வந்தது என்பது ஒரு வேடிக்கை! 2017 ஏப்ரலில் சென்னை ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் ரத்து, 2019 ஏப்ரலில் வேலூர் நாடாளுமன்றத் தேர்தல் ரத்து. இவை எதையும் கார்டு தடுத்திருக்காது.

ஆனால் நண்பனிடம் நான் திருப்பிக் கேட்டது இது. இன்று கமிட்டிக்காரர் வண்டியில் இரண்டு லட்சம் ரொக்கம் பிடிபட்டால் என்ன சொல்கிறார்? பந்தல்காரருக்கு, சமையல்காரருக்கு, ஆட்டோக்காரருக்குக் கொடுக்கக் கொண்டு போகிறேன் என்கிறார். நம்பும்படியாகவும் இருக்கிறது, ஏனென்றால் அவர்களுக்கு உண்மையிலேயே ரொக்கமாகத்தான் கொடுக்கிறார்கள். நல்ல ரொக்கத்துக்குள் கெட்ட ரொக்கம் ஒளிந்துகொள்கிறது. பந்தல், சாப்பாடு, வண்டி எல்லாம் வங்கி வழியே போய்விட்டால் மீதி இருக்கிற கட்டுக்கு என்ன பதில் சொல்வார்? கார்டு திருட்டைத் தடுக்காது. திருட்டுப் பணம் நிற்பதற்கு நிழல் இல்லாமல் செய்யும்.

இப்போது அந்த வெயில் முழுக்க வியாபாரி தலையில் விழுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். தேர்தல் தேதி அறிவித்த நாள் முதல் பறக்கும் படை ரோட்டில் நிற்கும். ஆவணமில்லாமல் 50,000 ரூபாய்க்கு மேல் இருந்தால் பிடித்து வைப்பார்கள். பொள்ளாச்சி மாட்டுச் சந்தைக்கு வருகிற கேரள வியாபாரியிடம் என்ன ஆவணம் இருக்கும்? மாடு வாங்கிய பிறகல்லவா ரசீது! ஈரோடு ஜவுளிச் சந்தையும் ஒவ்வொரு தேர்தலுக்கும் படுத்துவிடுகிறது. ஆதாரம் காட்டினால் பணம் திரும்பக் கிடைக்கும் என்பது சரி. போன சந்தை நாள் திரும்புமா? 2016 தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு இதே திருப்பூர் பக்கம் மூன்று கன்டெய்னரில் 570 கோடி ரூபாய் பிடிபட்டது. அது கோவையிலிருந்து விசாகப்பட்டினம் போகிற எங்கள் பணம் என்று ஸ்டேட் பேங்க் சொன்னது. பேங்குப் பணத்தையே நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்கிற காலத்தில் மாட்டுக்காரர் என்ன செய்வார்? சாமானிய வியாபாரியிடம் ரசீது கேட்கிற அரசு, ஓட்டுக் கேட்கிற கமிட்டியிடமும் அதே கண்டிப்போடு கேட்க வேண்டும் என்கிறேன்.

கார்டு வந்தால் மட்டும் போதாது என்பதற்கு அமெரிக்கா ஒரு பாடம். அங்கே பிரச்சாரக் கமிட்டிகள் செக் அல்லது அது போன்ற வங்கி வழியில்தான் செலவு செய்ய வேண்டும். ரொக்கம் என்றால் ஒரு தடவைக்கு 100 டாலருக்குள். கிரெடிட் கார்டு பயன்படுத்தலாம். ஆனால் 'கார்டு கம்பெனிக்கு இத்தனை டாலர் கட்டினோம்' என்று ஒற்றை வரி எழுதினால் ஒத்துக்கொள்வதில்லை. அந்தக் கார்டில் எந்தக் கடையில் என்ன வாங்கினார்கள் என்று, 200 டாலரைத் தாண்டுகிற ஒவ்வொரு கடைக்கும் பெயர், தேதி, தொகை, காரணம் தனியே காட்ட வேண்டும். இது முக்கியமான நுணுக்கம். வங்கிப் புத்தகத்தில் 'சவுண்ட் சர்வீஸ், 9,500' என்று மட்டும் இருந்தால் அது மைக்கா, மைக் என்ற பெயரில் வேறொன்றா, யாருக்குத் தெரியும்? ஸ்கேன் செய்த சீட்டோடு பில்லும் வேண்டும், பில்லில் சேர் எண்ணிக்கையும் வேண்டும்.

கட்சிகளின் கதை தனி. வேட்பாளருக்குத்தான் உச்சவரம்பு, கட்சிக்குக் கிடையாது. 1974-ல் கன்வர்லால் குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், வேட்பாளருக்காகக் கட்சி செய்கிற செலவும் வேட்பாளர் கணக்கில்தான் சேரும் என்று தீர்ப்புச் சொன்னது. சில வாரங்களிலேயே அவசரச் சட்டம் கொண்டு வந்து அதைச் செல்லாமல் ஆக்கினார்கள். 2003-ல் கொஞ்சம் இறுக்கினார்கள். இருந்தும் நட்சத்திரப் பேச்சாளர்களின் பயணச் செலவு இன்றும் வேட்பாளர் கணக்குக்கு வெளியேதான்.

இதோடு நம் மொடக்குறிச்சியை ஒப்பிட்டுப் பாருங்கள். 1996 சட்டமன்றத் தேர்தலில் அங்கே 1,033 பேர் போட்டியிட்டார்கள். குறைகளை யாரும் கேட்கவில்லை என்று விவசாயிகள் கூட்டம் கூட்டமாக மனுப் போட்டார்கள். ஓட்டுச்சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டியதாயிற்று. அதே வருடம் சட்டமன்ற டெபாசிட் 250 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. ஏழை விவசாயி மனுப் போட்டால் சில மாதத்தில் சட்டம் மாறுகிறது. கட்சிச் செலவுக்கு வரம்பு கட்டச் சொல்லி அரை நூற்றாண்டாகிறது, மாறவில்லை!

எங்கள் அப்பாவுக்கும் என் யோசனை முழுசாகப் பிடிக்கவில்லை என்பதை மறைக்கவில்லை. "எல்லாம் பேங்குல ஏறுச்சுன்னா நான் எந்தக் கட்சிக்கு எத்தன தடவ பந்தல் போட்டேன்னு எல்லாத்துக்கும் தெரிஞ்சிரும். ஜெயிச்சவன் தோத்தவனோட பந்தல்காரன்னு என்னை ஒதுக்கிருவான்" என்கிறார். சிறு ஊரில் தொழில் செய்கிறவரின் நியாயமான பயம். வேட்பாளர் கணக்கு இன்றும் யார் கேட்டாலும் பார்க்கக் கூடியதுதான் என்றேன். "யாரு பாக்கறாங்க?" என்றார். அந்தப் பதினாலாயிரம் வந்திருக்குமே என்றேன். அதற்குப் பதில் சொல்லாமல் ஆம்ப்ளிஃபயரைத் துடைக்கப் போய்விட்டார்.

நம் வீட்டுக் கணக்குக்கு வருகிறேன். மாணவர் தேர்தல்களுக்கு லிங்டோ குழு விதித்த வரம்பு வேட்பாளருக்கு 5,000 ரூபாய். 2006 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. அச்சடித்த போஸ்டர் கூடாது, கையால் எழுதியதுதான். அரசியல் கட்சிப் பணம் கூடாது. முடிவு வந்த இரண்டு வாரத்துக்குள் தணிக்கை செய்த கணக்கைக் கல்லூரியிடம் கொடுக்க வேண்டும். கல்லூரி அதை இரண்டு நாளில் வெளியிட வேண்டும். நமது யூனியன் தேர்தலில் நிற்கப் போகிறவர்களுக்கு இந்தத் தொகைக்குள் செலவு செய்வது பெரிய காரியமில்லை. டீயும் பஜ்ஜியும் சார்ட் பேப்பரும்தானே! எல்லாவற்றையும் ஒரே போனிலிருந்து ஸ்கேன் செய்யுங்கள். கணக்கு தானாகவே எழுதிக்கொள்ளும். ஒட்டும்போது மட்டும் ஆபீஸ் பக்கத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டாதீர்கள், அங்கே பீஸ் கட்டுகிற கடைசி நாளைத் தவிர யாரும் எதையும் படிப்பதில்லை. கேன்டீன் சுவரில் ஒட்டுங்கள். பஜ்ஜி எத்தனை என்று எண்ண கேன்டீன் அண்ணனே அங்கு இருக்கிறார்.