அடமல்ல, அவதி!

குக்கர் விசில் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறது ஒரு குழந்தை. தலையில் சீப்பு பட்டால் துடிக்கிறது இன்னொன்று. தயிர்ச்சோறு விரலில் ஒட்டினால் ஒன்றுக்குக் குமட்டுகிறது. மற்றொன்றோ நாள் முழுதும் சுற்றிச் சுற்றி ஓடுகிறது, சுவரில் மோதுகிறது, சட்டைக் காலரைக் கடித்துக் கடித்து நனைக்கிறது. இந்தக் குழந்தைகளுக்கு நம் நாட்டில் கிடைக்கும் வைத்தியம் என்ன? முதலில் அதட்டல். பிறகு அடி. அதற்கும் மசியாவிட்டால் மந்திரித்த கயிறு. கயிறும் பலிக்காதபோது, 'பிள்ளை வளர்த்த லட்சணத்தைப் பார்' என்று தாயின் தலையில் பழி.

நான்குமே தவறு என்கிறோம். குழந்தை செய்வது அடமல்ல, படுவது அவதி. அந்த அவதியைக் கண்டறியும் கடமை வீட்டுக்கு மட்டுமல்ல, சர்க்காருக்கும் உண்டு. அதைப் பேசவே இந்தத் தலையங்கம்.

புலன் ஐந்து என்று பள்ளியில் படித்தோம். ஐந்தோடு முடிவதில்லை. உட்காதில் உள்ள அரைவட்டக் குழல்கள், தலை எந்தப் பக்கம் சாய்கிறது, உடல் எப்படிச் சுழல்கிறது என்று மூளைக்கு ஓயாமல் செய்தி அனுப்புகின்றன. தசைகளும் மூட்டுகளும் கை எங்கே இருக்கிறது, கால் எவ்வளவு அழுத்தமாக ஊன்றுகிறது என்று சொல்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு மூக்கைத் தொட முடிகிறதே, அது இந்தப் புலனின் வேலை. சிசுவின் கல்வி ஏட்டில் தொடங்குவதில்லை. இந்த வாசல்களில்தான் தொடங்குகிறது. கருவில் முதலில் அரும்புவது தொடு உணர்வு. செவியோ, பிறப்பதற்குப் பல வாரங்கள் முன்பே கேட்கத் தொடங்கிவிடுகிறது. பிறந்து மூன்று நாள்கூட ஆகாத சிசு, தன் தாயின் குரலை வேறொரு பெண்ணின் குரலிலிருந்து பிரித்தறிந்து அதையே நாடுகிறது என்று 1980இல் டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். கண்தான் மெதுவாக முதிர்கிறது. பிறந்த குழந்தைக்கு ஓரளவு தெளிவாகத் தெரிவது 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரம். மடியில் கிடந்து பால் குடிக்கும்போது தாயின் முகம் இருக்கும் தூரம் அது.

தூளியில் ஆட்டுவதும், எண்ணெய் தேய்த்துக் காலில் கிடத்திக் குளிப்பாட்டுவதும், உள்ளங்கையில் பருப்புக் கடைந்து விளையாட்டுக் காட்டுவதும் இந்தப் புலன்களுக்கு ஊட்டும் உணவே. பாட்டிமாருக்கு நரம்பு விஞ்ஞானம் தெரிந்திருந்தது என்று கதை கட்ட நாம் தயாரில்லை. பார்த்துப் பார்த்துப் பழகிய பழக்கம். நல்ல பழக்கம், அவ்வளவுதான்.

செய்தி வந்து சேர்ந்தால் போதாது. அதை மூளை சலித்தெடுக்க வேண்டும். இதைப் படிக்கும் உங்கள் முதுகில் சட்டை உரசிக்கொண்டுதான் இருக்கிறது. நாம் சொல்லும் வரை அது உங்கள் நினைவில் இல்லை. மூளை அதை வேண்டாத செய்தி என்று தள்ளிவிட்டது. சில குழந்தைகளுக்கு இந்தச் சல்லடை வேறு விதமாக அமைந்துவிடுகிறது. சல்லடையின் கண் பெரிதாக இருந்தால் எல்லாமே உள்ளே கொட்டுகிறது: சட்டைத் தையல் முள்ளாகக் குத்துகிறது, மிக்சியின் இரைச்சல் இடியாக விழுகிறது. கண் சிறிதாக இருந்தாலோ வேண்டிய செய்திகூடப் போய்ச் சேருவதில்லை. அதைத் தேடித்தான் குழந்தை குதிக்கிறது, மோதுகிறது, கடிக்கிறது. ஒரே குழந்தைக்கு ஒலியில் மிகுதியும் தொடுதலில் குறைவும் இருக்கக்கூடும். இதை அறியாமல் அடிக்கிறவன் என்ன செய்கிறான்? ஏற்கெனவே இடி விழுந்த காதில் தானும் ஓர் இடியை இறக்குகிறான்.

இந்தக் கருத்துக்கு அடித்தளம் இட்டவர் ஜீன் அயர்ஸ் என்ற அமெரிக்க அம்மையார். ஆக்குபேஷனல் தெரபி என்னும் செயல்முறைச் சிகிச்சைத் துறையைச் சேர்ந்தவர். 1972இல் அவர் எழுதிய நூல் பெரும் விவாதத்தைக் கிளப்பியது; விவாதம் இன்றும் ஓயவில்லை. புலன் கோளாறு என்பதைத் தனி நோயாக முத்திரை குத்த வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2012இல் எச்சரித்தது. மறு வருடமே அந்நாட்டு மனநல மருத்துவர்கள் தங்கள் நோய் வகைப்பாட்டு நூலைத் திருத்தியபோது, புலன் உணர்வு மிகுதலையும் குறைதலையும் ஆட்டிசத்தின் அறிகுறிகளில் ஒன்றாகச் சேர்த்தார்கள். ஆகவே அறிகுறி மெய். ஆனால் காதைப் பொத்தும் குழந்தைக்கெல்லாம் ஆட்டிசம் என்பது பொய்.

தாயைப் பழிக்கும் மடமை நம் ஊருக்கு மட்டும் சொந்தம் என்று எண்ண வேண்டாம். பாசமற்ற தாயால்தான் ஆட்டிசம் வருகிறது என்று சிகாகோவில் இருந்த புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் ஒரு நூலே எழுதினார். அதற்கு மூன்று வருடம் முன்பே, இது தாயின் குற்றமல்ல, உடலியல் சார்ந்தது என்று வாதாடியிருந்தார் பெர்னார்ட் ரிம்லண்ட். அவரும் அத்தகைய குழந்தை ஒன்றின் தந்தை. விஞ்ஞானம் பின்னர் ரிம்லண்டின் பக்கம் நின்றது. ஆனால் அதற்குள் எத்தனை தாய்மார்கள் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள்!

இன்று வேறொரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. பெற்றோரின் பயத்தை முதலாக்கிக் கடை விரிக்கும் கூட்டம். வண்ணப் பந்தும் ஊஞ்சலும் வைத்த ஓர் அறை. மணிக்கு இவ்வளவு என்று கட்டணம். 'ஒரு வருடத்தில் பூரண குணம்' என்று வாக்குறுதி. தேர்ந்த சிகிச்சையாளர்களைப் பற்றி நாம் பேசவில்லை. அவர்கள் இப்படி வாக்குக் கொடுப்பதும் இல்லை. குழந்தைக்குச் சில சத்தம், சில சுவை பிடிக்காமல் இருப்பது இயல்பு. உண்பதையும் உறங்குவதையும் விளையாடுவதையும் பிறரோடு பழகுவதையும் அது தடுக்கும்போதுதான் கவலைப்பட வேண்டும். அப்போதும் முதலில் செவியையும் கண்ணையும் சோதிக்க வேண்டும். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்குக் காது கேளாமலே இருக்கலாமே!

பணமுள்ளவன் எப்படியோ வழி கண்டுபிடித்துக்கொள்வான். செங்கல் சூளையிலும் பின்னலாடை ஆலையிலும் வேலை செய்கிற தாயின் பிள்ளையை யார் பார்ப்பது? அந்தப் பிள்ளையை நாள்தோறும் பார்க்கிற ஒரே படித்த கண் அங்கன்வாடி ஊழியரின் கண்தான். 1975 அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கிய திட்டம் இது. அங்கே தராசு இருக்கிறது, உயரம் அளக்கும் கோல் இருக்கிறது. எடையும் உயரமும் ஏட்டில் ஏறுகின்றன. போஷன் டிராக்கர் என்ற செல்பேசிச் செயலியிலும் ஏறுகின்றன. குழந்தை சத்தத்துக்கு நடுங்குகிறதா, மணலைத் தொட மறுக்கிறதா என்று எழுத ஊழியருக்கு நேரமும் இல்லை, பயிற்சியும் போதவில்லை.

ஏட்டளவில் குறை கூற முடியாது. 2013இல் வந்த தேசியச் சிறார் நலத் திட்டப்படி மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருடம் இரு முறை வர வேண்டும். மாவட்டந்தோறும் ஓர் ஆரம்ப இடையீட்டு மையம் இயங்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் சேர்த்து 21 வகைகளை ஏற்றது. மாற்றுத்திறன் குழந்தைகளை அங்கன்வாடியில் எப்படிக் கவனிப்பது என்று மத்திய சர்க்கார் 2023 நவம்பரில் ஒரு நெறிமுறையும் வெளியிட்டது. தமிழ்நாட்டில் உலக வங்கிக் கடனுடன் நடக்கும் உரிமைகள் திட்டத்தில் 'விழுதுகள்' என்ற பெயரில் சேவை மையங்கள் திறந்து வருகிறார்கள். உலக வங்கி என்றதும் நமக்கு ஆயிரம் கேள்வி எழும். அவற்றை வேறொரு நாள் கேட்போம். மையங்கள் வேண்டியவை. வரவேற்கிறோம்.

ஆனால் மாவட்டத் தலைநகருக்குப் பஸ் ஏறினால் தாய்க்கு ஒரு நாள் கூலி போயிற்று. சிகிச்சையோ ஒரு நாளில் முடிவதல்ல. வாரந்தோறும், மாதக்கணக்கில் நடப்பது. மூன்றாம் வாரம் அவள் வராவிட்டால், 'பெற்றோர் அக்கறை காட்டவில்லை' என்று எழுதி ஏட்டை மூடுவது யாருக்கு நியாயம்?

நெறிமுறையை நிறைவேற்ற வேண்டிய ஊழியரின் நிலை என்ன? அவர் பெறுவது சம்பளம் அல்லவாம், மதிப்பூதியமாம்! 2018 அக்டோபரில்தான் மத்திய சர்க்கார் அதை மாதம் 3,000 ரூபாயிலிருந்து 4,500 ஆக்கியது. மாநிலங்கள் தம் பங்கைச் சேர்த்துத் தருகின்றன. இவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்பதைக்கூட 2022 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் சொல்லித்தான் நிலைநாட்ட வேண்டியிருந்தது. வாக்காளர் பட்டியல் வேலைக்கும் இவர்களையே அழைக்கிறார்கள். பிஞ்சு மூளையின் நுட்பத்தைக் கண்டுபிடிக்கும் வேலையையும் இவர்களையே செய்யச் சொல்கிறார்கள். செய்வார்கள், ஆனால் கௌரவத் தொண்டர் என்ற பட்டத்தோடு அல்ல, சர்க்கார் ஊழியர் என்ற உரிமையோடு. அதைத்தான் கோருகிறோம்.

செய்ய வேண்டியவற்றில் பல, பெரும் செலவு பிடிப்பவை அல்ல. மணி அடிப்பதற்கு முன் குழந்தையிடம் சொல்லிவிட்டு அடிக்கலாம். வரிசையின் கடைசியில் நிறுத்தினால் பிறர் இடித்துக்கொண்டு போவது குறையும். ஓடித் திரியும் பிள்ளையிடம் பாய்களைத் தூக்கி அடுக்கும் வேலையைக் கொடுத்தால் தசைக்கு வேலை கிடைத்து அமைதி வருவதும் உண்டு. சோறும் குழம்பும் கலந்தால் தொடாத பிள்ளைக்கு இரண்டையும் தனித்தனியே வைக்கலாம். ஊஞ்சல் கட்ட ஒரு மரக்கிளை போதும். வாடகை அறையில் நடக்கும் மையத்துக்கு அந்த மரம் எங்கே என்பதைச் சர்க்கார் சொல்லட்டும். ஒன்றியந்தோறும் வாரம் ஒரு நாளாவது சிகிச்சையாளர் வந்து உட்காரட்டும். தாய்க்கு அந்த நாளின் கூலியையும் பஸ் கட்டணத்தையும் ஈடுசெய்யட்டும். வரும் பட்ஜெட்டில் இதற்கென்று தனித் தொகை காட்ட வேண்டும் என்று வற்புறுத்துகிறோம்.

கூட்டத்துக்கு மேடை போடும் நம் கிளைத் தோழர்களுக்கும் ஒரு சொல். அங்கன்வாடி இருக்கும் தெருவில் பகல் வேளையில் கூம்பு ஒலிபெருக்கி வேண்டாம். கட்டித்தான் ஆக வேண்டுமென்றால், வாயை வேறு பக்கம் திருப்பிக் கட்டுங்கள்.