வேகமும் வேலையும்

உணவும் பொருளும் இன்று வீடு தேடி வருகின்றன. கொண்டுவருகிறவர்கள் மோட்டார் சைக்கிள் தொழிலாளர்கள். வெயிலிலும் மழையிலும் அவர்கள் ஓட்டம் நிற்பதில்லை.

இவர்களுக்கு மேஸ்திரி கிடையாது. கைபேசிதான் மேஸ்திரி! எத்தனை ஆர்டர் கொடுத்தார், எத்தனையை மறுத்தார், வாங்கியவர் எத்தனை நட்சத்திரம் போட்டார் என்று அது கணக்கு எடுக்கிறது. கணக்கு குறைந்தால் வேலையும் குறையும். சில சமயம் செயலியே முடக்கப்படும். அப்புறம் பிழைப்பு ஏது? காரணம் கேட்கவும் ஆள் கிடைப்பது அரிது.

வேலைக்கு ஓர் அளவு வேண்டியதுதான். ஆனால், சாலை நெரிசலும் ஓட்டல் தாமதமும் வண்டி ஓட்டுகிறவரின் குற்றமா?

கர்நாடகத்தில் 2025-ம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. ஒருவரை நீக்குவதானால், தக்க காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும்; 14 நாள் முன்னதாக அறிவிக்கவும் வேண்டும். நல்ல சட்டம்!

தமிழ்நாட்டில் இவர்களுக்கு நல வாரியம் இருக்கிறது. உதவித் தொகை மட்டும் போதாது. வேலைக்கும் காப்பு வேண்டும். எல்லா மாநிலங்களுக்கும் இது பொருந்தும்.

பத்து நிமிடம் பிந்தினால் சோறு ஆறும். வேலை போனால் அடுப்பே அணையும்!