‘மதர்போர்டு போச்சு’ன்னு சொன்னா உடனே தலையாட்டாதீங்க!

சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடும் மதுரையில், மனிதர்களுக்கு முன்பே மக்கர் பண்ணுவது லேப்டாப்தான். அவனியாபுரம் பக்கம் வீட்டிலிருந்தே ஐ.டி. வேலை பார்ப்பவர்கள், ஆன்லைனில் டியூஷன் எடுப்பவர்கள், ஜாப் டைப்பிங் செய்பவர்கள் என்று பலரின் பிழைப்பு இந்த ஒரு பெட்டியை நம்பித்தான் ஓடுகிறது. அது ஒருநாள் ஆன் ஆகவில்லை என்றால் பதறிப்போய் கடைக்கு ஓடுகிறோம். ‘மதர்போர்டு போச்சு’ என்ற ஒரே வரியில் பல ஆயிரம் ரூபாய் பில் வந்துவிடுகிறது.

சில நேரம் அது உண்மைதான். ஆனால், கடைக்குப் போகுமுன் நீங்களே பார்க்கக்கூடிய விஷயங்கள் இருக்கின்றன. சார்ஜரைக் கழற்றுங்கள், யுஎஸ்பியில் இருப்பதை எல்லாம் பிடுங்குங்கள், பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரை மட்டும் மாட்டி ஆன் செய்து பாருங்கள். உள்ளே தங்கிய மின்சாரம் வடிந்தாலே பல லேப்டாப்கள் எழுந்துவிடும். ஃபேன் ஓடுது, ஸ்கிரீன் மட்டும் கறுப்பா? ஹெச்டிஎம்ஐ கேபிளில் டிவியோடு இணையுங்கள். டிவியில் படம் வந்தால் போர்டு பிழைத்திருக்கிறது. கோளாறு டிஸ்பிளேயிலோ அதன் கேபிளிலோதான். டெஸ்க்டாப் ‘பீப்’ அடித்துவிட்டு நின்றால், பவரைத் துண்டித்துவிட்டு ரேமைக் கழற்றித் துடைத்து, ‘கிளிக்’ சத்தம் கேட்கும்வரை அழுத்தி மாட்டுங்கள். ஒவ்வொரு தடவையும் தேதி பழைய வருஷத்துக்கே போகிறதா? உள்ளே இருக்கும் சிஆர்2032 பட்டன் செல் தீர்ந்திருக்கும். டீ, வடை செலவுதான்.

நம்ம ஊரில் பெரிய வில்லன் புழுதி. ஃபேனுக்கும் காற்று வெளியேறும் துவாரத்துக்கும் நடுவே அது கம்பளி மாதிரி படிந்துவிடும். சூடு வெளியே போகாது. பிராசஸர் 100 டிகிரியை நெருங்கியதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நாம் ‘வைரஸ்’ என்று நினைத்து ஃபார்மேட் போடுவோம். ஃபார்மேட் போட்டால் புழுதி போகுமா? வருஷத்துக்கு ஒருமுறை திறந்து சுத்தம் செய்து, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றினாலே போதும். பஞ்சர் கடை கம்ப்ரஸர் காற்று மட்டும் வேண்டாம், அதில் ஈரம் இருக்கும். பிளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையைக் குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள். தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் போகும். மெத்தையில் வைத்து வேலை பார்ப்பதும் காற்றுத் துவாரத்தை அடைப்பதுதான்.

அடுத்தது கரண்ட். உலோக பாடி லேப்டாப்பைத் தொட்டால் ‘சுர்’ரென்று இருக்கிறதா? பிளக்கில் மூன்று துளை இருந்தாலும் எர்த்திங் ஒழுங்காக இல்லாத வீடாக இருக்கலாம், எலெக்ட்ரீஷியனை அழையுங்கள். லோ வோல்டேஜ் தெரு முழுக்க என்றால், அது உங்கள் செலவில் சரிசெய்ய வேண்டியதே அல்ல. மின்னகம் 94987 94987 எண்ணில் புகார் கொடுங்கள்.

டச்பேட் மேலே எழும்பி நின்றால் பேட்டரி உப்பிவிட்டது என்று பொருள். சார்ஜ் போடுவதை அன்றோடு நிறுத்துங்கள். அழுத்தவோ குத்தவோ கூடாது, தீப்பிடிக்கும். எப்போதும் சார்ஜரிலேயே கிடக்கும் லேப்டாப் என்றால், செட்டிங்ஸில் 80 சதவீத வரம்பு வையுங்கள்.

ஹார்டு டிஸ்க் ‘டக் டக்’ என்றால் மட்டும் எந்த சோதனையும் வேண்டாம். உடனே ஆஃப். போர்டை மாற்றலாம், பிள்ளையின் போட்டோவை மாற்ற முடியாது. வேறொரு இடத்தில் நகல் இல்லாத ஃபைல், பாதி தொலைந்த ஃபைல்தான்.

இதில் அரசுக்கும் ஒரு பங்கு உண்டு. 2011-ல் விலையில்லா லேப்டாப் திட்டத்தைத் தொடங்கிய மாநிலம் இது. 2025-26 பட்ஜெட்டிலும் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று அறிவித்தார்கள். கொடுப்பது நல்லதுதான். ஆனால், கொடுத்ததைப் பழுதுபார்க்கக் கற்றுக்கொடுக்க வேண்டாமா? ஒவ்வொரு கல்லூரியிலும் ஒரு ஸ்குரூடிரைவர் செட், ஒரு பயிற்றுநர், மாதம் ஒரு சனிக்கிழமை. இதற்குப் பெரிய டெண்டர் எதுவும் தேவையில்லை.

2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு பொதுவாக முடிந்துபோனது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய லேப்டாப்களும் எஸ்எஸ்டி மாற்றி லினக்ஸ் போட்டால் இன்னும் சில வருஷம் உழைக்கும். நிஜமாகவே உயிர் போனதைக் குப்பை வண்டியில் போடாதீர்கள். 2023 ஏப்ரல் முதல் அமலில் உள்ள மின்கழிவு விதிகள்படி, அதன் மறுசுழற்சிக்குத் தயாரிப்பாளர்தான் பொறுப்பு. பழையதைத் திரும்பப் பெறுவார்களா என்று கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். மாநகராட்சிக் குப்பை மலையாகக் குவியும் வெள்ளைக்கல் அவனியாபுரத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே ஈயமும் லித்தியமும் போய்ச் சேர்ந்தால், முதலில் அனுபவிப்பது இந்தத் தெருக்காரர்கள்தான்.