பெற்றோருக்கு அக்கறை இல்லை என்பவர்களுக்கு

ஹைதராபாத்தின் உப்பல் பக்கம் ஒரு பிள்ளை பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டால் காரணம் தேடி யாரும் அதிக தூரம் போவதில்லை. "பெத்தவங்களுக்கே அக்கறை இல்ல, நாம என்ன பண்றது?" என்ற பதில் தயாராக இருக்கிறது. ராமந்தாப்பூரிலும் போடுப்பலிலும் குடியிருக்கும் படித்த தமிழர்களிடமும் இதையே கேட்கிறேன். இதோடு ஒட்டிக்கொண்டு இன்னும் சில வரும். அரசு எல்லாம் கொடுக்கிறது, இவர்கள்தான் வாங்கிக்கொள்வதில்லை. ஆசிரியரின் வேலை பாடம் நடத்துவது மட்டும்தான். பிழைக்க வந்தவர்கள், எப்படியும் ஊருக்குப் போய்விடுவார்கள். இவற்றில் ஒன்றுகூட உண்மைக்கு முன்னால் நிற்காது.

அக்கறை இல்லை என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். அது பொய் என்று காட்டிய இடம் நமக்கு அந்நியமானது அல்ல. 2016 அக்டோபரில் மேட்சல்-மல்காஜ்கிரி மாவட்டம் உருவாகும்வரை உப்பல் ரங்காரெட்டி மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்டத்துக் கிராமங்களில்தான் மாமிடிப்புடி வெங்கடரங்கய்யா அறக்கட்டளை, ஊரார் வாயில் எம்.வி. ஃபவுண்டேஷன், 1991-ல் குழந்தைத் தொழிலாளர்களைப் பள்ளிக்குக் கொண்டுவரும் வேலையைத் தொடங்கியது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, கொத்தடிமைத் தளையிலிருந்து மீண்ட பிள்ளைகளைப் பள்ளிக்குத் தயார்படுத்த மூன்று மாத முகாம் ஒன்றை நடத்தியிருந்தார் ஹைதராபாத் பல்கலைக்கழகப் பேராசிரியர் சாந்தா சின்ஹா. அந்த முகாம்தான் வளர்ந்து பிள்ளைகள் தங்கிப் படிக்கும் இணைப்புப் பள்ளி ஆனது. மாடு மேய்த்த பையனும் பருத்திக் காட்டுக்குப் போன பெண்ணும் அங்கே சில மாதம் தங்கி, தங்கள் வயதுக்குரிய வகுப்புக்குத் தயாராகி, அரசுப் பள்ளியில் சேர்ந்தார்கள்.

பிள்ளையின் கூலி போய்விட்டதே என்று பெற்றோருக்கு இழப்பீடு எதையும் அந்த அமைப்பு கொடுக்கவில்லை. கொடுத்தது ஆட்களை. அந்தந்த ஊர் இளைஞர்கள் வீடு வீடாகப் போனார்கள். அம்மாவிடம் பேசினார்கள், வேலைக்கு வைத்தவரிடம் பேசினார்கள், பஞ்சாயத்தில் பேசினார்கள், கடைசியில் தலைமையாசிரியரின் மேசைவரை பிள்ளையுடன் போனார்கள். லட்சக்கணக்கான பிள்ளைகள் பள்ளிக்கு வந்தார்கள். சாந்தா சின்ஹாவுக்கு 2003-ல் மகசேசே விருது கிடைத்தது. 2007-ல் தேசியக் குழந்தை உரிமைப் பாதுகாப்பு ஆணையம் அமைந்தபோது முதல் தலைவரும் அவரே. பெற்றோருக்கு அக்கறை இல்லாதிருந்தால், காசு வாங்காமல் இத்தனை பேர் பிள்ளைகளை அனுப்பியிருக்க முடியுமா? பிள்ளையின் கூலி இல்லாமல் அடுப்பு எரியாத வீடுகள் உண்டு, மறுக்கவில்லை. முன்பணம் வாங்கிவிட்டுத் தவிக்கும் வீடுகளும் உண்டு. அவையும் பிள்ளையைப் படிக்கவைக்க விரும்பும் வீடுகளே.

அரசு எல்லாம் கொடுக்கிறதே என்பவர்கள் பாதி சரி. திட்டங்கள் இருக்கின்றன. கணவனை இழந்த, கைவிடப்பட்ட தாயின் பிள்ளைக்கும், தீராத நோயில் படுத்த பெற்றோரின் பிள்ளைக்கும் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4000 ரூபாய் உண்டு. நகரத்தில் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 96,000 ரூபாய்க்குள் இருக்கவேண்டும். சரி, அந்த 4000-ஐ வாங்கும் வழி என்ன? வருமானச் சான்று வேண்டும். அதற்கு அரசின் மீசேவா சேவை மையம் போகவேண்டும். ஆதாரில் முகவரி பழைய ஊருடையது, ரேஷன் அட்டை மாமியார் பெயரில், கணவனின் இறப்புச் சான்று இன்னும் வாங்கவே இல்லை. விண்ணப்பம் மாவட்டக் குழந்தைப் பாதுகாப்பு அலகுக்குப் போகவேண்டும், குழு கூடி ஒப்புதல் தரவேண்டும். மாவட்ட ஆட்சியர் வளாகமோ 2022-ல் ஷாமீர்பேட் பக்கம் திறக்கப்பட்டது. உப்பல்வாசிக்கு நகரின் மறுகோடி. வீட்டுவேலை செய்யும் பெண் ஒரு நாள் லீவு போட்டால் சம்பளம் பிடிப்பார்கள், இரண்டு நாள் போட்டால் வேறு ஆள் வைத்துவிடுவார்கள். இப்படி ஒரு திட்டம் இருக்கிறது என்று அவரிடம் இதுவரை யார் சொன்னது? சொல்லாமல் இருந்துவிட்டு வாங்கவில்லை என்று பழிப்பது அநியாயம்.

குழந்தைகள் உதவி எண் 1098-க்கு ஒரு போன் போட்டால் போதுமே என்றும் சொல்கிறார்கள். 1996-ல் மும்பையில் தொடங்கிய அந்தச் சேவை எத்தனையோ பிள்ளைகளைக் காத்திருக்கிறது. ஆனால் அது அவசரத்துக்கானது. தெலங்கானா போலீஸ் ஜனவரியில் ஆபரேஷன் ஸ்மைல், ஜூலையில் ஆபரேஷன் முஸ்கான் என்று பிள்ளைகளை மீட்கிறது. நல்ல காரியம்தான். மீட்ட பிள்ளை பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க ஓர் ஆள் வேண்டும் அல்லவா?

ஆசிரியர் விஷயத்தில் எனக்கு அவர்கள்மேல் கோபமில்லை. கணக்கெடுப்பு, தேர்தல், ஆன்லைன் பதிவு என்று அவர்கள் தலையில் ஏற்கெனவே ஏகப்பட்ட சுமை. ஆனால் ஒரு பிள்ளை மூன்று நாள் வராததை முதலில் காண்பது அவர்கள்தான். எம்.வி. ஃபவுண்டேஷனோடு கைகோத்த அரசுப் பள்ளி ஆசிரியர்கள், குழந்தைத் தொழிலாளர் விடுதலைக்கென்றே தங்களுக்குள் ஒரு மன்றம் அமைத்தார்கள். அது தங்கள் வேலையல்ல என்று அவர்கள் நினைக்கவில்லை. அத்தனையும் அவர்களே செய்யவேண்டும் என்று நானும் கேட்கவில்லை. ஆசிரியர் கண்டதைக் கையில் வாங்கி நடத்திப்போக ஒருவர் தேவை. கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அந்தக் குழுவே தெருவில் நாலு வீட்டை விசாரிக்கலாம்.

போய்விடுவார்கள் என்ற வாதம்தான் எல்லாவற்றிலும் கொடியது. கட்டட வேலைக்குப் பாலமூரிலிருந்தும் ஸ்ரீகாகுளத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவரின் பிள்ளைக்கு இந்த ஆண்டு வயது எட்டு என்றால், அடுத்த ஆண்டு ஒன்பது. அதன் படிப்பு யாருக்காகவும் காத்திருக்காது. 2010 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், வயதுச் சான்று இல்லை என்றோ மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்றோ சேர்க்கையை மறுக்கக்கூடாது என்கிறது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துத் தனிப்பயிற்சி தரவேண்டும் என்றும் சொல்கிறது. உப்பலை உள்ளடக்கியிருந்த ரச்சகொண்டா காவல் ஆணையரகத்தில், மகேஷ் பகவத் ஆணையராக இருந்த காலத்தில், ஒடிசாவிலிருந்து வந்த சூளைத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்குச் செங்கல் சூளைப் பக்கத்திலேயே ஒடியா வழிப் பள்ளிகள் நடந்தன. ஊர் திரும்பினாலும் விட்ட இடத்திலிருந்து படிக்கலாம். மனம் வைத்தவர்களுக்கு வழி கிடைத்தது.

தெலங்கானா அரசிடம் கேட்பது ஒன்றுதான். சில பள்ளிகளுக்கு ஒருவர் வீதம், சம்பளத்தோடு ஒரு சமூகப் பணியாளரை நியமியுங்கள். தெலுங்கு மட்டும் தெரிந்தால் போதாது, ஹிந்தியோ ஒடியாவோ பேசத் தெரிந்தவராக இருக்கட்டும்.

அதுவரை இதைப் படிக்கும் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் அம்மாவிடம் மகள் எந்த வகுப்பு என்று கேளுங்கள். நின்றுவிட்டாள் என்றால் சம்பளம் பிடிக்காமல் ஒரு நாள் லீவு கொடுங்கள். படிவத்தை நிரப்பிக் கொடுத்து, பள்ளிக்கோ மண்டலக் கல்வி அலுவலகத்துக்கோ அவரோடு நீங்களும் போங்கள்.