நாய் முக்கினால் மருந்துப் பெட்டியைத் திறக்காதீர்கள்

தில்லித் தெருநாய்களைக் காப்பகங்களில் அடைக்கச் சொன்ன உத்தரவை, 2025 ஆகஸ்ட் 22-ல் உச்ச நீதிமன்றம் திருத்தியது. கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்தபின் பிடித்த இடத்திலேயே விட வேண்டும், வெறிநோய் கொண்டவையும் மூர்க்கமானவையும் மட்டும் விலக்கு, உணவு போடத் தனி இடம் வேண்டும் என்றது. சோற்றை யார் எங்கே போடுவது என்று அதன்பின் நிறையப் பேசியாயிற்று. போட்ட சோறு வெளியேறாமல் நாய் படும் அவதியைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை. முதுகை வில்லாக வளைத்து, வாலைத் தூக்கி, பின்னங்கால்கள் நடுங்க முக்கும் நாயைப் பார்த்தால் மனசு கேட்காது. கை வீட்டு மருந்துப் பெட்டிக்குப் போகும். அதைத் தொடாமலிருப்பதே நாய்க்கு நல்லது என்கிறேன்.

முக்குவதெல்லாம் மலச்சிக்கல் அல்ல. பேதியால் பெருங்குடல் புண்பட்ட நாயும் முக்கும், சிறுநீர் அடைபட்ட நாயும் முக்கும். கருத்தடை செய்யாத வயதான ஆண் நாய்க்கு புரோஸ்டேட் வீங்கி மலக்குடலை நெருக்கும். குப்பையில் மிச்ச உணவு முடிந்து கிடந்த பாலிதீன் பையையே விழுங்கியிருக்கலாம். அடைபட்ட குடலைப் பேதி மருந்தால் உந்தினால் குடல் கிழியக்கூடும். ஆசனவாயில் நூல் தொங்கினால் இழுக்கவே கூடாது. மறுமுனை உள்ளே சிக்கியிருந்தால் அது குடலை அறுத்துவிடும். மனிதர்களுக்கான பாஸ்பேட் எனிமா இன்னும் மோசம். சின்ன நாயின் ரத்தத்தில் பாஸ்பேட் ஏறி, கால்சியம் இறங்கி, வலிப்பு வந்து உயிரே போகலாம். லிக்விட் பாரஃபினை வாயில் ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நுரையீரலைக் கெடுக்கக்கூடும்.

குழந்தைகளுக்கே விளக்கெண்ணெய் கொடுத்து வளர்த்தோமே என்பார்கள். விளக்கெண்ணெய் குடலை உறுத்தித்தான் வேலை செய்கிறது. பேதியாகி உடம்பின் நீர் போகும். தில்லியில் மே, ஜூன் வெயில் 45 டிகிரியைத் தொடும்போது, நீர் குறைந்ததால்தான் பல நாய்களுக்கு மலமே கட்டியிருக்கும். இருக்கிற நீரையும் பறிப்பது வைத்தியமாகாது. தெருநாயை யார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போவது என்ற கேள்விதான் நியாயமானது. ராஜா கார்டனில் 1980 முதல் சஞ்சய் காந்தி விலங்குப் பராமரிப்பு மையம் இருக்கிறது, தீஸ் ஹசாரியில் அரசு கால்நடை மருத்துவமனை இருக்கிறது. ஆனாலும் மயூர் விஹாரில் ராத்திரி பத்து மணிக்கு நிற்பவருக்கு இரண்டும் தூரம்தான். அவர் செய்யக்கூடியது உண்டு. நாய் வாந்தியில்லாமல், சுறுசுறுப்பாக இருந்தால் நிறையத் தண்ணீர் வைக்கலாம். சோற்றைத் தளரப் பிசைந்து, உப்பும் வெங்காயமும் மசாலாவும் சேர்க்காமல் வேகவைத்த பரங்கிக்காயை, சின்ன நாய்க்கு ஒன்றிரண்டு டீஸ்பூன் கலந்து கொடுக்கலாம். இசப்கோல் கொடுப்பதானால் மருத்துவரிடம் போனிலாவது அளவு கேட்க வேண்டும். தண்ணீர் போதாவிட்டால் அதுவே ஊதிக் குடலை அடைக்கும். இரண்டு நாளாகியும் மலம் போகாவிட்டால் ஆஸ்பத்திரிதான். வாந்தி, வயிறு உப்பல், ரத்தம், சாப்பிட மறுப்பு, சிறுநீரே வராமை ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே போக வேண்டும்.

எலும்பு போடுவதையும் நிறுத்த வேண்டும். நாய் எலும்பைத் தின்று காலங்காலமாகப் பிழைக்கவில்லையா என்று கேட்கலாம். குழம்பில் வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். பொடியான எலும்பு சுண்ணாம்புக் கட்டிபோல மலத்தை இறுக்கும். நாய்களுக்கு உணவு போடும் இடங்களில் அறிவிப்புப் பலகை வைக்க நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அதே பலகையில் ‘வெந்த எலும்பு போடாதீர்’ என்ற வரியையும் அருகிலுள்ள கால்நடை மருத்துவமனையின் தொலைபேசி எண்ணையும் மாநகராட்சி எழுதட்டும். பக்கத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி வைத்து, தினமும் கழுவி நிரப்பட்டும்.